சருகைக் கொளுத்தாதீர்கள்

ஆசிரியருக்கு,

சிலந்தி என்றாலே வலைதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் ஓநாய்ச் சிலந்திகளில் பெரும்பாலானவை இரைக்காக வலை பின்னுவதே இல்லை, சருகுக்கும் புல்லுக்கும் நடுவே தரையில் ஓடியே பூச்சியைப் பிடித்துவிடும். இரவில் டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், புல்லுக்குள் மினுங்குவதெல்லாம் பனித்துளி இல்லை, அதன் கண்கள்! மொத்தம் 8. முட்டைப் பையைப் பின்னால் ஒட்டிக்கொண்டே திரியும் தாய், குஞ்சுகள் வெளியே வந்ததும் அத்தனையையும் முதுகில் சுமக்கும் (முதுகே தெரியாது).

நெல் வயலில் பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்பதும் இந்த இனம்தான். நாமோ சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம், கண்ட மருந்தையும் அடிக்கிறோம், அப்புறம் பூச்சி பெருகிவிட்டது என்று புலம்புகிறோம். வரப்போரம் கொஞ்சம் புல்லை விட்டுவைக்கச் சொல்லி உங்கள் வேளாண் பக்கத்தில் எழுதுங்களேன்.

– ஒரு வாசகர்