செயலாளர் ஆண்டறிக்கை: நம் ஞாயிறு வானொலி நேரம் நின்றுபோன ஆண்டு

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா நன்றாக நடந்தது, கடைசிப் பந்திக்குச் சாம்பார் பற்றவில்லை என்பதைத் தவிரக் குறை எதுவும் வரவில்லை. தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலைக்குப் புது ஆசிரியை கிடைத்துவிட்டார். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தையும் என் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். அதைத்தான் இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்று செயற்குழு சொன்னது.

நம் ஊர்க் கல்லூரி தன் எஃப்.எம். நிலையத்தைக் கிறிஸ்தவ வானொலி நெட்வொர்க் ஒன்றுக்கு விற்றுவிட்டது. பதினேழு வருடமாக ஞாயிறு காலை பத்திலிருந்து பதினொன்று வரை வந்துகொண்டிருந்த நம் தமிழ் நிகழ்ச்சியும் அதோடு போய்விட்டது. கடைசி நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். நூலகத்தின் அடித்தளத்தில் இருக்கும் அந்தச் சின்ன அறையில், ஒலியளவைச் சரிசெய்யும் மிக்ஸர் பலகையில் நான்காவது ஃபேடருக்கு (ஏற்றி இறக்கும் பிடிக்கு) கீழே ஒரு மாஸ்கிங் டேப் துண்டில் ‘தமிழ்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். என்றைக்கோ படித்துவிட்டுப் போன ஓர் அமெரிக்க மாணவர் நம் அறிவிப்பாளரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது, ‘ழ’ மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும். அதை உரிக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மறு வாரம் அரை நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை, அப்புறம் சாட்டிலைட்டில் வரும் பாட்டு தொடங்கிவிட்டது.

இப்போது அந்த அலைவரிசையில் நம் ஊர்ப் பெயர் மணிக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. நிலையத்தின் அடையாளமான அழைப்பெழுத்தையும் ஊர்ப் பெயரையும் மணிக்கு ஒருமுறை சொல்லியாக வேண்டும் என்பது விதி, அதனால் சொல்கிறார்கள். ஜனவரியில் பனி கொட்டிய சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டோம். முன்பெல்லாம் காலை ஏழு மணி அறிவிப்பில் வேறு பள்ளிகளோடு நம் பள்ளியின் பெயரையும் படிப்பார்கள். இந்த முறை ஆறிலிருந்து ஏழு வரை ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நம் ஊரில் பனி பெய்கிறது என்பதே அதில் வரவில்லை. வாட்ஸாப் பார்க்காத மூன்று குடும்பங்கள் அந்தச் சாலையில் வண்டியோட்டி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

“மதம் என்பதால்தான் சங்கம் எதிர்க்கிறதா?” என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். இல்லை. பொதுக்குழுவில் முதலில் எழுந்து பேசியதே நம் கிறிஸ்தவ உறுப்பினர் அக்கா ஒருவர்தான். அவர் போகும் உள்ளூர்ச் சபையின் ஞாயிறு ஆராதனையும் அதே நிலையத்தில்தான் ஒலிபரப்பானது, நமக்கு அடுத்த மணி நேரம் அவர்களுடையது. அதுவும் நின்றுவிட்டது. வெளியே வர முடியாத முதியவர்கள் வீட்டிலிருந்து கேட்டது அந்த ஆராதனையைத்தான். பிரார்த்தனை எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், ஆனால் தன் பாஸ்டரின் குரலில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிச் செய்த பிரார்த்தனை போய்விட்டது என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. 1982-இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ஒரே நிலையமாகத் தொடங்கிய கே-லவ் என்ற கிறிஸ்தவப் பாடல் நெட்வொர்க், இன்று நூற்றுக்கணக்கான அலைவரிசைகளில் கேட்கிறது. அதை நடத்தும் எஜுகேஷனல் மீடியா ஃபவுண்டேஷன் 2018-இல் சிகாகோவின் பழைய ராக் நிலையமான ‘தி லூப்’பை வாங்கியது. 2019-இல் நியூயார்க்கின் டபிள்யூ.பி.எல்.ஜே. உட்பட ஆறு நிலையங்களை 10.35 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கியது. பெரிய நகரத்தில் ஒரு நிலையம் போனால் இன்னும் முப்பது இருக்கும். வட கரோலினாவின் ராலேயில் கறுப்பின மாணவர்களுக்கான ஷா பல்கலைக்கழகம் பல்லாண்டு ஜாஸ் ஒலிபரப்பிய தன் நிலையத்தை 2018-இல் அதே அமைப்புக்கு விற்றது. அந்த மாதிரி இழப்புதான் நம்முடையதற்கு நெருக்கமானது.

வாங்குகிறவர்களுக்குச் செலவு குறைவு என்பதுதான் இதன் அடிப்படை. நேயர் நன்கொடை வருகிறது, லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் வரிச் சலுகை உண்டு, ஊருக்கு ஒரு ஆள்கூட வைக்கத் தேவையில்லை. நிலையம் தன் பகுதியிலேயே ஸ்டூடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதியை வானொலி லைசன்ஸ் தரும் அமெரிக்க அரசு ஆணையமான எஃப்.சி.சி. 2017 அக்டோபரில் எடுத்துவிட்டது, இப்போது உள்ளூர் எண்ணோ கட்டணமில்லாத எண்ணோ ஒன்று இருந்தால் போதும். வணிக நிறுவனத்துக்கு ஓர் ஊரில் இத்தனை நிலையங்கள்தான் என்று உச்சவரம்பு உண்டு, கல்வி சார்ந்த வணிகமற்ற நிலையங்களுக்கு அந்த வரம்பே கிடையாது. விற்கிற கல்லூரியையும் நான் குறை சொல்லப் போவதில்லை. மாணவர் சேர்க்கை குறைகிறது, கூரை ஒழுகுகிறது, கையில் விற்கக்கூடிய சொத்தாக அந்த லைசன்ஸ் இருந்தது. ஆனால் விற்பதற்கு முன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சங்கம் சும்மா இருக்கவில்லை. 31 பேர் கையெழுத்திட்டு எஃப்.சி.சி.க்கு ஆட்சேபக் கடிதம் அனுப்பினோம். நிராகரிக்கப்பட்டது. எந்த நிகழ்ச்சி வருகிறது என்பதைக் கேட்போர் விருப்பத்துக்கும் சந்தைக்கும் விட்டுவிடலாம் என்ற எஃப்.சி.சி.யின் கொள்கையை 1981-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது. வேறொருவர் வாங்கினால் ஊருக்கு நல்லது என்ற வாதத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது என்று சட்டமே சொல்கிறது. இது தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: ஆட்சேபிக்கிற வேளையில் நாம் தாமதமாகிவிட்டோம், கல்லூரி நிர்வாகக் குழுவில் இது பேசப்பட்டபோதே நாம் அங்கே இருந்திருக்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் அந்தக் கூட்டக் குறிப்புகளை நான் படித்திருக்க வேண்டும். மன்னிக்கவும்.

சரி, இப்போது நல்ல செய்தி. நகர முதியோர் மையம் ஒரு குறைசக்தி நிலையம் நடத்துகிறது. 2000-இல் எஃப்.சி.சி. தொடங்கிய வகை அது, 100 வாட், ஐந்தரை கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குக் கேட்கும். நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் வீடுகள் அந்த வட்டத்துக்குள் வருகின்றன, மற்றவர்கள் இணையத்தில் கேட்கலாம். எனக்கு அதில் பிடித்த விஷயம், அந்த வகை நிலையத்தை லாபத்துக்கு விற்க முடியாது, கைமாறினாலும் கருவிகளின் தேய்மானம் போன மதிப்புக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. நமக்கென்று தனியாக ஒன்று வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: விண்ணப்பம் எஃப்.சி.சி. திறக்கும் காலத்தில்தான் போட முடியும், கடைசியாக 2023 டிசம்பரில் திறந்தார்கள். அடுத்தது வரும்போது காகிதங்கள் தயாராக இருக்கும்படி ஒரு சிறு குழு அமைத்திருக்கிறோம்.

முதியோர் மையம் நமக்குச் சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து ஐந்து வரை தந்திருக்கிறது. மிக்ஸர் பலகையை இயக்கக் கற்றுக்கொள்ள இரண்டு பேர் வேண்டும், வாரம் இரண்டு மணி நேரம் போதும், பயிற்சியை அவர்களே தருகிறார்கள். பழைய நிகழ்ச்சிகளின் கேசட்டுகள், சிடிக்கள் என்று நான்கு அட்டைப்பெட்டிகள் என் கராஜில் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஏதாவது பதிவு கிடந்தால் பொதுக்குழுவுக்கு எடுத்து வாருங்கள், குறிப்பாக முதல் இரண்டு வருடப் பதிவுகள் எங்களிடம் ஒன்றுகூட இல்லை.