நவம்பர் பயணம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நவம்பரில் நம் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவு மரத்தோட்டத்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே ‘விடியலில் சுடப்பட்டோர்’ நினைவிடத்தில்தான் அதிக நேரம் இருப்போம் என்றதும், “நாட்டுக்காக உயிரைவிட்டவர்கள் அத்தனை பேர் இருக்க, படையைவிட்டு ஓடினவர்களையா பிள்ளைகளுக்குக் காட்டுவது?” என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்கள் முந்நூறு பேருக்கு மேல், படையைவிட்டு ஓடியது, பயந்து பின்வாங்கியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஹாரி ஃபார் என்பவரைப் பற்றி வகுப்பில் படித்துவருகிறோம். குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்து 1915இல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். மறுபடியும் போர்முனைக்கே அனுப்பினார்கள். 1916 செப்டம்பரில், இனி முடியாது என்று நின்றுவிட்டார். விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. அவர் பக்கம் பேச ஆளில்லை. அக்டோபரில் ஒரு விடிகாலையில் சுட்டார்கள். மனைவிக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் நின்றது. அவமானத்துக்கு அஞ்சி, பெற்ற மகளிடமே அவர் பல வருடம் வாய்திறக்கவில்லை. 2001இல் இந்த நினைவிடத்தைத் திறந்துவைத்தவர் அந்த மகள்தான். 2006இல் அரசு மன்னிப்பு வழங்கியது. தீர்ப்பை மட்டும் ரத்துசெய்யவில்லை. அது என்ன கணக்கோ!

அங்கே ஆளுக்கொரு மரக்கம்பம் நட்டு, பெயரும் வயதும் பொறித்திருக்கிறார்கள். முன்னால் நிற்கும் சிலையில் கண்ணும் கையும் கட்டியிருக்கும். வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்து, 17 வயதில் சுடப்பட்டதாகச் சொல்லப்படும் ஹெர்பர்ட் பர்டனை வைத்துச் செய்த சிலை அது. நம் பிள்ளைகள் சிலருக்கும் இப்போது கிட்டத்தட்ட அதே வயது.

ஓடியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நாங்கள் சொல்லித்தரப் போவதில்லை. பதுங்குகுழியில் தனித்துவிடப்பட்ட கூட்டாளியின் கோபத்தையும் பேசுவோம். பயந்தவனை என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளே வாதாடட்டும்.

போரைக் கண்ணால் பார்த்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பிள்ளையை அனுப்ப மனம் வரவில்லை என்றால் படிவத்தில் ‘இல்லை’ என்று குறித்தால் போதும், காரணம் எழுத வேண்டாம். அன்று அவர்களுக்கு வழக்கம்போல் வகுப்பு நடக்கும்.

அப்புறம், அது வெட்டவெளி. தடித்த ஜாக்கெட்டும், சேறுபட்டாலும் பரவாயில்லை என்கிற சப்பாத்தும் போட்டு அனுப்புங்கள். மதியச் சாப்பாடு கையோடு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்