குறிப்புகளை அழித்தது உண்மைதான்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாகக் கைப்பேசியில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கோவையில் கார் எலெக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் ஒரு கடை. பின்சீட்டுத் திரை விட்டுவிட்டு அணைகிறது என்று ஒருவர் கொண்டுபோன வண்டிக்கு ஸ்கேன் போட்டு, அதன் கணினியில் பதிவான பழுதுக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "இப்போது பழுது எதுவும் தெரியவில்லை" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் குடும்பத்தோடு பழனிக்குப் போகும் வழியில் திரை, பாட்டு, வழிகாட்டி (ஜி.பி.எஸ்) எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன. பதிவில் கடையின் பெயர் இல்லை. எதிரே பேக்கரி, வாசலில் வேப்பமரம், கல்லாவில் கண்ணாடி போட்ட ஒருவர் என்று அடையாளங்கள் மட்டும் இருக்கின்றன. அந்தக் கடை நாங்கள்தான். கண்ணாடி போட்டவன் நான்தான்.

"ஒன்றும் இல்லை என்று சொல்ல 1,500 ரூபாயா" என்று பதிவில் அந்த வண்டிக்காரர் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த வாக்கியம். "பழுது தெரியக்கூடாது என்று கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்ததை எல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்." வேறொரு பணிமனையில் பார்த்தவர்கள் அப்படிச் சொன்னார்களாம். 19 ஆண்டாகக் கடை நடத்துகிறேன். விலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள், தாமதம் என்று சொல்லியிருக்கிறார்கள், என் கையெழுத்தைக்கூடத் திட்டியிருக்கிறார்கள். தடயத்தை அழித்தவன் என்று யாரும் சொன்னதில்லை.

அழித்தது உண்மைதான். ஏன் அழித்தோம் என்று சொல்ல, அந்தத் திரை எப்படி விழிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜெர்மன் சொகுசு கார். பல கைகள் மாறி வந்த வண்டி. இந்த வகைக் கார்களில் பாட்டுப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், வழிகாட்டி, பின்சீட்டுத் திரையின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை செப்புக் கம்பியால் மட்டும் இணைக்கப்பட்டவை அல்ல. செய்தியை வெளிச்சமாகக் கடத்தும் பிளாஸ்டிக் ஒளியிழை ஒன்று வண்டிக்குள் வளையமாக ஓடுகிறது. மோஸ்ட் என்று பெயர். 2001-இல் வந்த பி.எம்.டபிள்யூ செவன் சீரிஸில் தொடங்கி ஆடி, பென்ஸ் என்று பரவியது. அதன் முனையை உருவிப் பார்த்தால் செக்கச்செவேல் என்று ஒரு வெளிச்சம் தெரியும். கடையில் காத்திருக்கும் குழந்தைகளுக்கு அதைக் காட்டுவது எங்கள் வழக்கம்.

நீங்கள் கதவைத் திறந்ததுமே வண்டியின் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூக்கம் கலைகின்றன. சாவி போட்டதும் முன்னால் இருக்கும் தலைமைப் பெட்டி ஒளியிழையில் வெளிச்சத்தை விடுகிறது. அடுத்த பெட்டி அதைக் கண்டு விழித்து, தன் பங்குக்குப் புதிதாக வெளிச்சம் போட்டு அதற்கடுத்த பெட்டிக்கு அனுப்புகிறது. கார்த்திகைக்கு ஒரு அகலிலிருந்து அடுத்த அகலை ஏற்றுவோமே, அதைப் போலத்தான். வெளிச்சம் ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால்தான் வளையம் மூடியதாகக் கணக்கு.

அதன் பிறகு தலைமைப் பெட்டி பெயர் கூப்பிடுகிறது. வளையத்தில் எத்தனை பேர், எந்த வரிசையில், யார் யார் என்று கேட்டு, தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலோடு ஒப்பிடுகிறது. எல்லாரும் "உள்ளேன் ஐயா" சொன்ன பிறகே பாட்டும் படமும் ஓடத் தொடங்கும். திரையில் நிறுவனத்தின் சின்னம் தோன்றும் அந்தச் சில நொடிகளில் பின்சீட்டுப் பெட்டி சும்மா இருப்பதில்லை. தனக்கு வரும் மின்னழுத்தம் போதுமா, உள்ளே சூடு எவ்வளவு, நினைவகத்தில் இருக்கும் மென்பொருள் சிதையாமல் இருக்கிறதா, டிஸ்க் சுழல்கிறதா, திரைக்குப் போகும் கேபிள் பதில் சொல்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. நடுவில் மென்பொருள் உறைந்துபோனால் அதைத் தட்டி எழுப்பி முதலிலிருந்து தொடங்கவைக்க ஒரு காவல் கடிகாரமும் உள்ளே உண்டு. திரை தானாக அணைந்து மறுபடி சின்னம் காட்டினால் பெரும்பாலும் அந்தக் கடிகாரத்தின் வேலை, அல்லது மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனதன் விளைவு.

சரி, பழுதை எப்படிக் கண்டுகொள்கிறது? நினைத்தவுடன் எழுதிவிடாது. குறை கொஞ்ச நேரம் நீடித்தால்தான் குறிப்பு எழுதும். செல்ஃப் அடிக்கும்போது 12.6 வோல்ட்டில் இருக்கும் பேட்டரி பத்துக்கும் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எழும் குறைகளைப் பெட்டிகள் வேண்டுமென்றே கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால் ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் ஒரு பக்கம் புகார் எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது அன்றைய கிலோமீட்டர், மின்னழுத்தம் போன்றவற்றையும் சேர்த்து எழுதும். குறை இப்போதும் இருக்கிறதா, முன்பு வந்து போனதா என்றும் குறிக்கும். குறை திரும்ப வராமலே பல நாள் வண்டி ஓடினால் பழைய குறிப்பைத் தானே அழித்தும்விடும். அழிப்பது நாங்கள் மட்டுமல்ல, வண்டியும்தான்.

குறிப்பு சொல்வது ஒன்று, காரணம் வேறொன்று. உலகப் பொதுப் பழுதுக் குறிகளில் யூ0184 என்று ஒன்று உண்டு. ரேடியோவோடு பேச்சு நின்றுவிட்டது என்று பொருள். ரேடியோ கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பையன் வரவில்லை என்றுதான் ஆசிரியர் பதிவேட்டில் எழுதுவார். காய்ச்சலா, பஸ் கிடைக்கவில்லையா என்பது அதில் இருக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் குறியைப் படித்தவுடன் பெட்டியை மாற்றிவிடுபவர்கள் ஊரில் உண்டு. அவர்களைப் பற்றி எந்தக் குரல் பதிவும் வருவதில்லை.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன். எங்களிடம் வந்தபோது அதில் 14 குறிப்புகள் இருந்தன. 11 குறிப்புகளில் ஒரே கிலோமீட்டர், ஒரே தாழ்ந்த மின்னழுத்தம். யாரோ பேட்டரி மாற்றிய நாளில் எல்லாப் பெட்டிகளும் ஒன்றாகக் கூச்சலிட்டிருக்கின்றன. மீதி மூன்று, வளையத்தில் வெளிச்சம் தடுமாறியதைச் சொன்னவை. அவையும் வந்து போனவை. இந்தக் குப்பையில் எது உயிரோடு இருக்கிறது என்று அறிய உலகம் முழுக்கக் கையாளும் வழி இதுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வண்டியை ஓட்டி, எது திரும்ப வருகிறது என்று பார்ப்பது. அழித்தோம். அவினாசி சாலையில் 22 கிலோமீட்டர் ஓட்டினோம். எதுவும் திரும்ப வரவில்லை. ஆகவே "இப்போது பழுது தெரியவில்லை" என்றோம். "பழுது இல்லை" என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. திரை அணைந்து பிள்ளைகள் அழும்போது அவருக்குத் தெரிந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மேல் தவறு இரண்டு. அழிப்பதற்கு முன் அந்த 14 குறிப்புகளையும் அச்செடுத்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. எங்கள் கணினியில் சேமித்திருந்தோம், ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, ஒளியிழை வளையத்துக்கென்று தனிச் சோதனை உண்டு. எல்லாப் பெட்டிகளையும் வெளிச்சம் விடச் செய்து, "எனக்கு வெளிச்சம் வரவில்லை" என்று சொல்லும் பெட்டிக்கும் அதற்கு முந்தைய பெட்டிக்கும் நடுவில் கோளாறு என்று அறிவது. சில கார்களில், அந்தக் காரிலும், இன்னும் நுட்பமாக ஒன்று செய்யலாம்: வெளிச்சத்தை 3 டெசிபல், அதாவது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து அனுப்பிப் பார்ப்பது. முழு வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி நிற்கும் இணைப்பு பாதி வெளிச்சத்தில் விழுந்துவிடும். அன்று அதைச் செய்யவில்லை. செய்து பழகிய எங்கள் மூத்த டெக்னீஷியன் அதற்கு முந்தின வாரம் வேலையை விட்டிருந்தார்.

அவர் பழனியிலிருந்து திரும்பியதும் நானே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் திட்டினார், கேட்டுக்கொண்டேன். பிறகு வண்டியை அனுப்பிவைத்தார். அந்தச் சோதனையைப் போட்டதும் பத்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிட்டது. பின்சீட்டைக் கழற்றினால், ஒளியிழையை மற்ற வயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, சீட்டின் இரும்புக் கம்பிக்கு அடியில் மடித்துச் செருகியிருக்கிறார்கள். புது சீட் கவர் போட்ட இடத்தில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் அதைச் சாதாரண வயர் என்று நினைத்திருப்பார்கள். ஒளியிழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. டீ கிளாஸைச் சுற்றி வளைத்தால் தாங்கும். விரலைச் சுற்றி வளைத்தால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்துவிடும். சமதளத்தில் எப்படியோ ஓடிய வண்டி, பழனிப் பாதையின் குலுங்கலில் ஒரு மயிரிழை கூடுதலாக நசுங்கியிருக்கிறது. வளையம் அறுந்தால் அதில் இருக்கும் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள், பின்சீட்டு மட்டுமல்ல. திரை அணையும்போது வேறு எதுவும் சேர்ந்து அணைகிறதா என்று முதல் நாளே நான் அவரிடம் கேட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அந்தத் துண்டு ஒளியிழையை மாற்றிக் கொடுத்தோம், கூலி வாங்கவில்லை. 1,500 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். திரை சரியாகிவிட்டது என்று இன்னொரு பதிவு அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் அனுப்பவில்லை.

அந்தப் பதிவைக் கேட்டவுடன் கடைக்கே வந்து "என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டவர்களை நான் மறக்க மாட்டேன். திருப்பூரிலிருந்து ஒரு அம்மா வேலை ஒன்றும் இல்லாமலே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "தம்பி, இதையும் ஒருமுறை பார்த்துவிடு, ஊர் பார்க்கட்டும்" என்றார். பொள்ளாச்சியிலிருந்து பத்தாண்டாக வரும் ஐயா, தன் டாக்ஸி நண்பர்கள் குழுவில் எங்களுக்காக வாதாடியிருக்கிறார். ஊட்டியிலிருந்து ஒருவர் கேரட் மூட்டையே அனுப்பிவைத்தார். உங்கள் எல்லாருக்கும் என் கைகூப்பிய நன்றி. கடை நிற்பது ஸ்கேனரால் அல்ல என்பதை இந்த இரண்டு வாரம் நன்றாகக் காட்டியது.

இனிமேல் எந்த வண்டிக்கும் அழிப்பதற்கு முன் ஒரு அச்சு, ஓட்டிப் பார்த்த பின் ஒரு அச்சு, இரண்டும் உங்கள் கையில் கிடைக்கும். விட்டுவிட்டு வரும் பழுது என்றால் வண்டியை ஓர் இரவு எங்களிடம் விட வேண்டியிருக்கும். பூட்டிய பிறகு எல்லாப் பெட்டிகளும் தூங்கிப்போனால் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். ஒரு திரை மட்டும் தூங்காமல் ஒரு ஆம்பியர் இழுத்தாலும், 70 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று நாளில் படுத்துவிடும். காலையில் "பேட்டரி இறங்கிவிட்டது" என்று வருபவர்களில் சிலருக்குப் பேட்டரியில் குற்றமே இல்லை. இதைப் பகலில் அரை மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நாம் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை மறுபடி விழித்துக்கொள்கின்றன.

ஸ்கேனர் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா ஏறிவிட்டதாலும் ஆள் ஒருவர் குறைந்திருப்பதாலும் வரும் ஒன்றாம் தேதி முதல் சோதனைக் கட்டணம் 2,200 ரூபாய், முன்பதிவு செய்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டிவரும். வேலையை எங்களிடமே செய்தால் அதில் கழித்துக்கொள்வோம்.

வண்டியைக் கொண்டுவரும்போது இரண்டு உதவி செய்யுங்கள். திரை அணைந்தபோது வேறு என்னென்ன அணைந்தன, முன்னால் பாட்டு ஓடியதா, குழியில் இறங்கியபோதா, வண்டி எடுத்தவுடனா, உச்சிவெயிலில் நிறுத்திவைத்த பிறகா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். வெயிலில் நின்ற வண்டியில் திரை மங்கினால் அது தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைப்பதாக இருக்கலாம், குளிர்ந்ததும் சரியாகிவிடும். இன்னொன்று, பின்சீட்டு ரிமோட்டையும் ஹெட்போன்களையும் வீட்டில் மறந்து வைத்துவிடாதீர்கள். போன மாதம் ஒரு வண்டிக்கு அரை நாள் தேடினோம். ஹெட்போனில் பேட்டரி செல் தீர்ந்திருந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை, செல்லுக்கு மட்டும் வாங்கினோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
(எதிரே பேக்கரி, வாசலில் வேப்பமரம்)