அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். இறுதி ஆட்டத்தில் சின்ன அணி ஜெயித்தால் அது குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பத்தோரு வருஷம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த ஒரு வரி எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் போகிற போக்கில் தொட்டுச் சென்ற 1985 இறுதி ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 1, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரம். ஒரு பக்கம் நடப்புச் சாம்பியன் ஜார்ஜ்டவுன்; நடுவில் ஏழடி உயர பாட்ரிக் யூயிங். எதிரே வில்லனோவா, தன் வட்டாரத்தின் 16 அணிகளில் 8ஆம் இடம் கொடுக்கப்பட்ட அணி. அந்தப் பருவத்தில் அதற்கு ஏற்கெனவே பத்துத் தோல்வி. யாரைக் கேட்டாலும் ஜார்ஜ்டவுன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பத்துத் தோல்வியில் இரண்டு இதே ஜார்ஜ்டவுனிடம் வாங்கியவை. ஒன்று கூடுதல் நேரம் வரை இழுத்து 52-50. இன்னொன்று 57-50. இந்த இரண்டு எண்களையும் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் வில்லனோவாவைக் கழித்துக்கட்டியிருக்க மாட்டார். ஆட்டம் ஐம்பது சொச்சப் புள்ளியிலேயே நிற்கிறது என்றால், வேகத்தைத் தீர்மானிப்பது பெரிய அணி இல்லை என்று அர்த்தம்.

அதுதான் இறுதி ஆட்டத்திலும் நடந்தது. அந்த நாளில் தேசியப் போட்டியில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற கெடு, கிடையாது. பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கைமாற்றிக்கொண்டே இருக்கலாம். வில்லனோவா பயிற்சியாளர் ரோலி மாசிமினோவின் பையன்கள் நாற்பது நிமிஷத்தில் கூடைக்கு எறிந்தது வெறும் 28 தடவை. விழுந்தது 22. இரண்டாம் பாதியில் பத்து எறிந்து ஒன்பது விழுந்தது. இதைத்தான் எல்லோரும் அதிசயம் என்கிறார்கள். நான் பார்ப்பது வேறு கணக்கு. கூடைகளை மட்டும் எண்ணினால் ஜார்ஜ்டவுனுக்கு 29, வில்லனோவாவுக்கு 22. புள்ளியில் 58க்கு 44. அப்படியிருந்தும் முடிவு 66-64, வில்லனோவா பக்கம். எங்கிருந்து வந்தது? ப்ரீ த்ரோவிலிருந்து; எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியக் கிடைக்கிற வாய்ப்பு அது, விழுந்தால் ஒரு புள்ளி. ஜார்ஜ்டவுன் எட்டில் ஆறு போட்டது. வில்லனோவா 27இல் 22!

பந்து கிடைக்காத அணி கைநீட்டும், இடிக்கும், ஃபவுல் வாங்கும். பொறுமையாகப் பந்தை வைத்திருந்ததற்குக் கிடைத்த கூலி அந்த 22 புள்ளி. அதைப் போய் அதிர்ஷ்டம் என்றால் எப்படி?

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். ப்ரீ த்ரோவை யாரும் நின்று நிதானமாகப் போட்டுப் பழகக் கூடாது. கோட்டுக்குக் கோடு பத்துத் தடவை ஓடி, கால் நடுங்கி, மூச்சு இரைக்கும்போது வந்து நின்று இரண்டு எறிய வேண்டும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முதல் மாதம் ஒரு பெண் எறிகிற பந்து வளையத்தைக்கூடத் தொடாது. மூன்றாம் மாதம், பின்னங்கழுத்தில் வியர்வை வழிய, கண்ணை வளையத்தின் முன்விளிம்பை விட்டு எடுக்காமல் அதே பெண் இரண்டையும் போடுவாள். உயரமும் வேகமும் வாங்கி வருகிற வரம். இது உழைத்துச் சேர்க்கிற சொத்து. சின்ன அணிக்குக் கட்டுப்படியாகிற சொத்தும் இதுதான்.

அடுத்த பருவமே 45 விநாடி ஷாட் கிளாக் வந்துவிட்டது. இப்போது 30 விநாடி. பந்தை ஒளித்துவைக்கிற வழி அடைபட்டது உண்மை. ஆனால் 1986-87இல் மூன்று புள்ளிக் கோடும் வந்தது; அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. ஒரு கதவு சாத்தியது, ஒரு ஜன்னல் திறந்தது.

பட்லர் என்ற சின்னக் கல்லூரி அணியைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வார்த்தைகூட எழுதாதது இன்னொரு குறை. 2010 இறுதி ஆட்டம் இண்டியானாபோலிஸில், அவர்கள் சொந்த ஊரிலேயே நடந்தது. அன்று காலை வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு இரவு டியூக் அணியோடு மோதிய பிள்ளைகள் அவர்கள். அதற்கு முன் சிரக்யூஸ், கன்சாஸ் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் என்று வரிசையாகச் சாய்த்திருந்தார்கள். பயிற்சியாளர் பிராட் ஸ்டீவன்ஸுக்கு வயது 33. ஆட்டம் முடிய மூன்று சொச்ச விநாடி இருக்கையில் டியூக்கின் சூபெக் முதல் ப்ரீ த்ரோவைப் போட்டு 61-59 ஆக்கினார். மிச்ச நேரம் ஓடிப்போகட்டும் என்று இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். பந்தைப் பிடித்த கார்டன் ஹேவர்ட் நடுக்கோட்டருகே ஓடிவந்து எறிந்தார். போர்டில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மறுவருஷமும் அதே பட்லர் இறுதிக்கு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதிதான் சொன்னவன் ஆவேன். கனெக்டிகட்டுக்கு எதிராக 64 எறிந்து 12தான் விழுந்தது. 53-41 தோல்வி. வேகம் அவர்கள் விரும்பியபடிதான் இருந்தது, கூடைதான் கைவிட்டது. சின்ன அணிக்கு உத்தரவாதம் கிடையாது. நானும் அப்படிச் சொல்லவில்லை. நாற்பது நிமிஷத்தைத் தன் ஆட்டமாக்கிக்கொள்ள அதற்கு வழி உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசி ஆட்டம் வரை ஓர் அணியை எந்த அதிர்ஷ்டமும் தூக்கிக்கொண்டு வராது.

வருகிற பருவத்தில் இறுதி ஆட்டம் பற்றி எழுதும்போது, இரண்டு அணியின் நட்சத்திரங்களின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் ஏற்கெனவே மோதியிருந்தால் அந்த ஸ்கோரையும், ப்ரீ த்ரோவில் நூற்றுக்கு எத்தனை போடுகிறார்கள் என்பதையும் ஒரு சின்னக் கட்டத்தில் அச்சிடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
திண்டுக்கல்