இடம்: மேற்படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடுகாட்டில் இடம் போதவில்லை, சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கிறது, விளக்கு எரியவில்லை என்றெல்லாம் வாசகர்கள் எழுதுகிறார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் உள்ளே யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு அங்கே என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டு நான் படித்ததில்லை. நானும் கேட்டவன் இல்லை, போன வருடம் என் சித்தி இறக்கும் வரை.

சித்தப்பாவுக்குப் பக்கத்தில்தான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சித்தி பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா போய் முப்பது வருடம் ஆகிறது. தலைமாட்டில் நட்ட பலகை எப்போதோ உளுத்துப் போய்விட்டது, கல் வைக்க வேண்டும் என்று பேசிப் பேசியே காலம் ஓடிவிட்டது. சரி, அலுவலகத்தில் பதிவேடு இருக்குமே என்று போனோம். இருந்தது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. சித்தப்பாவின் பெயர், வயது, அடக்கம் செய்த தேதி, ரசீது எண் எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. கடைசிப் பத்திக்கு 'இடம்' என்று தலைப்பு. அதற்கு நேராக 'மேற்படி'. மேல் வரியைப் பார்த்தால் அங்கேயும் மேற்படி. அதற்கு மேலேயும் அதுதான். விரலை வைத்துக்கொண்டே நாலு பக்கம் பின்னால் போன பிறகுதான் எழுத்தாக ஒரு வரி கிடைத்தது: 'கிழக்கே, பெரிய மரத்துக்கு அருகில்'. அந்த மரத்தை வெட்டிப் பத்து வருடம் ஆகிறதாம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ரசீது எண்ணைச் சொன்னதும் குமாஸ்தா இன்னொரு அலமாரியைத் திறந்து இரண்டே நிமிடத்தில் அடிக்கட்டையை எடுத்துக் காட்டிவிட்டார். சித்தப்பாவுக்காகக் கட்டிய தொகை சல்லிக்காசு பிசகாமல் அதில் இருந்தது, யார் கட்டினார்கள் என்பதும் இருந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய பணம் எங்கே போனது என்று சொல்ல முடிகிறது, ஆள் எங்கே போனார் என்று சொல்ல முடியவில்லை. அங்கிருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எங்களோடு வெயிலில் அலைந்தார்கள். வரவு செலவைத் தணிக்கை செய்ய ஆள் வருகிறார், அதனால் அந்த நோட்டு ஒழுங்காக இருக்கிறது. இந்த நோட்டைத் திறந்து பார்க்க வருபவர் என்னைப் போல வருடத்துக்கு ஒருவர், அவரும் அழுதுகொண்டு வருகிறார்.

இறப்புச் சான்றிதழ் இருக்கிறதே, பதிவுதான் ஆகிவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு, இது வேறு. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டியவர்களில் இடுகாட்டைப் பராமரிப்பவரையும் சேர்த்திருக்கிறது. நல்லது. ஆனால் அதில் பதிவாவது இறப்பு. எந்தக் குழி என்பது இடுகாட்டுக்காரரின் நோட்டில் மட்டும்தான் இருக்கும், அங்கே இல்லையென்றால் வேறெங்கும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சிகளின் கல்லறைத் தோட்டங்களுக்கு 1977-இல் ஓர் ஆணை போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, பதிவேடும் வரைபடமும் இரண்டும் கட்டாயம் என்பது. ஒவ்வொரு கல்லறைக்கும் தனி எண், அந்த எண்ணோடு வரைபடம். பதிவேட்டை நியாயமான நேரத்தில் யார் வந்து கேட்டாலும் காசு வாங்காமல் காட்ட வேண்டும். இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. பகுதி, வரிசை, குழி எண் என்று மூன்று விவரத்தை ஒவ்வொரு வரியிலும் முழுதாக எழுதினால் போதும், மேற்படி போடக் கூடாது, அவ்வளவுதான். வரைபடமும் மரம், பாதை, பைப் என்று நகரக்கூடிய, சாகக்கூடிய சமாசாரங்களை நம்பி இருக்கக் கூடாது. மூலைக்கொரு கல்தூண் நட்டு, அதிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்து எழுத வேண்டும்.

இன்னொன்று, ஆழம். இதை நம் ஆட்கள் யாரும் எழுதுவதே இல்லை. ஒரே குழியில் கணவனுக்கு மேல் மனைவி, அப்பாவுக்கு மேல் பிள்ளை என்று அடக்கம் செய்வது பல நாடுகளில் உண்டு. நான் சொன்ன அதே ஆணையில், ஏற்கனவே இருக்கும் பெட்டிக்கும் மேலே வைக்கும் பெட்டிக்கும் நடுவே குறைந்தது 6 அங்குல மண் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. முதல் பெட்டி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால், இரண்டாவது முறை குழி வெட்டுகிறவர் மண்வெட்டி எதில் போய் முட்டுகிறது என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்கிற ஒரு பெரியவரோடு அன்றைக்குக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன், "வெட்டும்போது மண்ணோட நிறம் மாறும், அங்கே நிறுத்திடணும்" என்றார். அவருக்குத் தெரிகிறது. அவருக்குப் பிறகு?

ஒருவர் ஞாபகத்தை நம்பி இருப்பதன் ஆபத்தை 1914-லேயே ஒருத்தர் பார்த்துவிட்டார். ஃபேபியன் வேர் என்ற ஆங்கிலேயர், முதல் உலகப் போரில் செஞ்சிலுவை ஆம்புலன்ஸ் குழு ஒன்றை நடத்தப் பிரான்ஸுக்குப் போனவர், செத்த சிப்பாய்களை எங்கே புதைக்கிறார்கள் என்பதை யாரும் குறித்துக்கொள்வதில்லை என்று கண்டு, தன் குழுவை வைத்தே குறிக்க ஆரம்பித்தார். மறுவருடமே ராணுவம் அதை அதிகாரபூர்வ வேலையாக ஏற்றுக்கொண்டது, 1917-இல் அது ஓர் ஆணையமாகவே ஆனது. இன்றைக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் என்ற பெயரில் சுமார் 17 லட்சம் பேரின் விவரத்தை வைத்திருக்கிறது. குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், சேற்றில் நின்று எழுதிய கணக்கு அது. நமக்குக் கூரையும் மின்விசிறியும் இருக்கிறது.

ராணுவம் என்றால் எல்லாம் கச்சிதம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தை விட மரியாதையான இடம் அந்த நாட்டில் இல்லை. 2010-இல் ராணுவமே நடத்திய விசாரணையில், வரைபடமும் கல்லும் ஒத்துப்போகாதவை என்று 211 கல்லறைகள் வந்தன. வரைபடத்தில் ஆள் இருப்பதாக இருக்கிறது, தரையில் கல் இல்லை. கல் இருக்கிறது, வரைபடத்தில் காலி. கணினிமயமாக்கப் பல லட்சம் டாலர் செலவழித்திருந்தும் அட்டையையும் காகித வரைபடத்தையும் வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த இருவரின் பதவி போயிற்று. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கப்புறம் நடந்தது. 2011 கோடையில் சிப்பாய்களைக் கைபேசியோடு இறக்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து நோட்டை நோட்டோடு சரிபார்த்திருந்தால் எல்லாமே சரியாகத்தான் இருந்திருக்கும். கணக்கு எடுக்க வேண்டியது தரையில். வருடத்துக்கு ஒரு முறை ஒரு வரிசையை மட்டுமாவது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தால் எத்தனை பிசகு வெளியே வரும்!

பிசகு வேறு, திருட்டு வேறு. சிகாகோவுக்கு அருகே பர் ஓக் என்ற கல்லறைத் தோட்டத்தில், பழைய கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அப்புறப்படுத்திவிட்டு அதே இடத்தை மறுபடி விற்றிருக்கிறார்கள் என்று 2009-இல் தெரியவந்தது. இனவெறியர்கள் கொன்ற எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனை 1955-இல் அடக்கம் செய்த இடமும் அதுதான். செய்தி வெளியானதும் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கள் ஆட்களின் கல்லைத் தேடின, பதிவேட்டைக் கேட்டால் அதையே நம்ப முடியாத நிலை. அடுத்த வருடமே அந்த மாநிலம் கல்லறைத் தோட்டங்களை மேற்பார்வை பார்க்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரே நோட்டு, அதுவும் விற்கிறவர் கையிலேயே இருந்தால், அதில் ஒரு பக்கம் கிழிந்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் சொல்கிறேன், நகல் ஒன்று வேறு இடத்தில், வேறு ஆளிடம் இருக்க வேண்டும். கரையானுக்கும் வெள்ளத்துக்கும் கூட இதே மருந்துதான்.

நடத்துகிறவர்கள் பக்கமும் யோசித்தேன். பல இடங்களில் சம்பளம் வாங்காத நாலு பேர் சேர்ந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களிடம் போய் மென்பொருள் வாங்கு, ஆள் போடு என்றால் முடியாது. வேண்டவும் வேண்டாம். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு ஒன்று, அழியாத மை. தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாமல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு முறை பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். குழி யார் பெயரில் இருக்கிறது, அவருக்குப் பின் யார் என்பதற்கும், உடலைத் தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோனால் எந்தத் தேதியில், யார் அனுமதியில், எங்கே என்பதற்கும் இடம் விட வேண்டும். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, நான் எக்செல்லில் தினமும் குப்பை கொட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தி, மற்ற பத்திகளைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, அதைச் சேமித்தும் விட்டால், ஒரே நொடியில் எல்லாரும் அடுத்தவர் கல்லறைக்குக் குடிபோய்விடுவார்கள். பார்த்தால் தெரியவே தெரியாது, பட்டியல் பழையபடியே அழகாக இருக்கும். அப்புறம் ஜிபிஎஸ். கைபேசி காட்டும் இடம் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும், மரத்தடியில் இன்னும் மோசம். ஒரு கல்லறையின் அகலமே ஒரு மீட்டர்தான். இடுகாட்டின் வாசலைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் போதும், சித்தப்பாவைக் கண்டுபிடிக்கப் போதாது.

நிர்வாகம் கைமாறும்போது நடப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். புதிதாக வந்தவர், பழையவர் எதையும் தரவில்லை என்பார், பழையவர், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்பார், நோட்டு யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும். சாவி, ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு என்று கையெழுத்து வாங்கி ஒப்படைக்கிறார்கள் இல்லையா, அந்தப் பட்டியலில் முதல் வரியாக அடக்கப் பதிவேட்டையும் வரைபடத்தையும் போட வேண்டும், எத்தனை பக்கம் என்பதோடு. நிர்வாகத்தின் சொத்து அல்ல அது.

சித்தப்பா கிடைக்கவில்லை. கிழக்குப் பக்கத்தில், மரம் இருந்திருக்கலாம் என்று நாலு பேர் நாலு விதமாகக் கை காட்டிய இடத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாகச் சித்தியை அடக்கம் செய்தோம். மறுநாள் அலுவலகத்துக்குப் போய் மூலைச் சுவரிலிருந்து நான் அளந்த அளவைச் சொன்னேன், குமாஸ்தா முகம் சுளிக்காமல் பகுதி, வரிசை, தூரம் எல்லாவற்றையும் எழுதினார். பத்திக்குள் அடங்காமல் ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியிருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். அதற்கு முந்தைய வரியில், இரண்டு நாள் முன்பு வந்தவருக்கு, மேற்படி என்றுதான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்