மேலே ஒருவர் இருக்கட்டும்

துபாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் அனைவரின் நலமறிய ஆவல். அனுப்பிய பணத்தில் அம்மாவின் கண் மருந்துக்குப் போக மிச்சத்தை மதினியிடம் கொடுங்கள்.

வேலை பழகிவிட்டது. அறையில் ஐந்து பேர், சமையல் முறை வைத்து. விடுமுறை நாட்களில் எங்கே போகிறாய் என்று போனில் கேட்டீர்கள் அல்லவா? மூச்சடக்கி முங்கும் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன். ஃப்ரீடைவிங் என்பார்கள். சிலிண்டர் கிடையாது. கடியபட்டணத்துப் பாறைகளில் நீங்கள் சிப்பி எடுப்பது போலவே ஒரே மூச்சில் போய் வர வேண்டும். முங்குபவர்களுக்காக இந்த ஊரில் 60 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளமே கட்டி, 2021இல் திறந்திருக்கிறார்கள்.

போட்டி கடலில் நடந்தது. எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தொங்கும் கயிற்றின் அடியில் ஒரு தட்டு, அதில் சீட்டுகள். ஒன்றைப் பிய்த்துக்கொண்டு ஏற வேண்டும். நான் 30 மீட்டர் கொடுத்திருந்தேன். அந்த ஆழத்தில் நுரையீரல் கால் பங்காகச் சுருங்கிவிடும். பாதி வழிக்குப் பிறகு காலை அடிக்கவே வேண்டாம், உடம்பு தானாக இறங்கும். அந்த அமைதியை நீங்கள் அறிவீர்கள். ஏறும்போது பாதுகாப்பாளர் எதிரே வந்து, என் கண்ணையும் உதட்டையும் பார்த்தபடியே கூட ஏறினார். தலை வெளியே வந்ததும் 15 விநாடிக்குள் முகக்கண்ணாடியைக் கழற்றி, சைகை காட்டி, நலம் என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். மயங்கினால் சிவப்பு அட்டை, போன ஆழம் கணக்கில் வராது. எனக்கு வெள்ளை அட்டை கிடைத்தது.

அண்ணா, மயக்கம் பெரும்பாலும் அடியில் வருவதில்லை. மேலே வரும் கடைசிச் சில மீட்டரிலும், தலை வெளியே வந்த பிறகும்தான் வருகிறது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவீர்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதனால் ஆக்சிஜன் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சுக்குத் தவிக்க வைப்பதே அந்த வாயு. அது குறைந்தால் தவிப்பு வருமுன்னே நினைவு போய்விடும். ரஷ்யாவின் நதாலியா மொல்சனோவா உலக சாதனைகளைக் குவித்தவர். 2015 ஆகஸ்டில் ஸ்பெயின் அருகே, போட்டி எதுவும் இல்லாத ஒரு நாளில் முங்கியவர் திரும்பவே இல்லை. அவருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

இந்த வளைகுடாவில் எண்ணெய்க்கு முன் முத்துக்குளிப்புதான் பிழைப்பு. ஆமையோட்டுக் கவ்வியால் மூக்கை அடைத்து, காலில் கல் கட்டி இறங்குவார்கள். ஒவ்வொருவருக்கும் மேலே படகில் கயிறு பிடிக்க ஓர் ஆள் உண்டு. தூத்துக்குடியிலும் மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நீங்களோ தனியாகப் போகிறீர்கள். ஆனியாடிக் கடல் அடங்கிச் சிப்பிக்கு இறங்கும்போது நம் மச்சானையும் கட்டுமரத்தில் கூட்டிப் போங்கள். நீங்கள் முங்கும்போது அவர் மேலே இருக்கட்டும், அவர் முங்கும்போது நீங்கள். தலை வெளியே வந்த பிறகும் அரை நிமிடம் முகத்தைக் கவனிக்க வேண்டும். மயங்கினால் முகத்தை நீருக்கு மேலே பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தைத் தட்டி, முகத்தில் ஊதி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும்.

ஊருக்கு வருகிறவர் கையில் மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி இரண்டு கொடுத்தனுப்புகிறேன். நீச்சல் கண்ணாடியோடு ஆழத்துக்குப் போக வேண்டாம். உள்ளே காற்றை ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லாததால் கண்ணில் ரத்தம் கட்டும். காது வலித்தால் அதற்கு மேல் இறங்காதீர்கள்.

பங்கு இரண்டாகிவிடும் என்று மறுக்காதீர்கள். குறைகிற பணத்தை நான் அனுப்புகிறேன். மச்சானிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசிவிடுகிறேன்.

அன்புத் தம்பி