ஔவையாரைக் காணவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையப் பதிப்புக்குக் கட்டுரை அனுப்புவோர் கவனிக்க வேண்டியவை குறித்துச் சென்ற ஞாயிறு மலரில் தாங்கள் வெளியிட்டிருந்த குறிப்பைப் படித்தேன். ஒற்றுப்பிழை, லகர ளகர மயக்கம், படத்துக்கு விளக்கம் எழுதாமை எனத் தாங்கள் சுட்டியவை அனைத்தும் சரியானவை; பினாங்கில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அவற்றில் மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றில் நான் மாட்டிக்கொண்டதைச் சொன்னால், தட்டச்சுப் பொறியில் பழகிப் பின்னர் கணினிக்கு வந்த என் வயதினர் சிலருக்கேனும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓர் இணைய இதழுக்கு ஔவையாரைப் பற்றிக் கட்டுரை ஒன்றை அனுப்பியிருந்தேன். அது வெளியானதும் பேத்தியிடம் காட்டுவதற்காக அந்த இதழின் தேடல் கட்டத்தில் ஔவையார் என்று எழுதித் தேடினேன். மற்றவர்கள் எழுதியவை வந்தன, என்னுடையது வரவில்லை. குறை இதழினுடையது என்றே முதலில் எண்ணினேன், ஆனால் தவறு என் விரலில் இருந்தது. பழைய பழக்கத்தில், ஒகரத்தை அடித்து அதை அடுத்து ளகரத்தை அடித்திருக்கிறேன். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஔகாரமாகவே தோன்றும். கணினிக்கோ ‘ஔ’ என்பது ஓர் எழுத்து, ‘ஒள’ என்பது இரண்டு எழுத்து. ‘மௌனம்’ என்ற சொல்லையும் இப்படியே மெகரமும் ளகரமுமாகப் பிரித்து அடித்திருந்தேன். தமிழ் 99 விசைப்பலகையில் ஔகாரத்துக்கென்று தனி விசை இருக்கிறது என்பதைப் பேத்தி காட்டித்தான் அறிந்தேன். மாணவர் ஏட்டில் எத்தனையோ பிழைகளைச் சுழித்த எனக்கு அன்று சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

நம் மலேசியாவில் இதைவிடத் தொல்லை தரக்கூடியது ‘ஸ்ரீ’. டத்தோ ஸ்ரீ, தான் ஸ்ரீ என்னும் பட்டங்கள் இல்லாமல் இங்கே ஒரு நிகழ்ச்சிச் செய்தியை எழுதிவிட முடியுமா? அந்த எழுத்தை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம், 2005இல் ஒருங்குறியில் (யூனிகோட்) சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில்தான் தெரியும். ஒருவர் கைப்பேசியில் எழுதி, மற்றொருவர் கணினியில் திருத்திச் சேர்க்கும் கட்டுரையில், ஒரே பெரியவர் தேடுபொறியின் கணக்கில் இரண்டு பேராகிவிடக்கூடும்.

ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் எழுதி வைத்த கட்டுரைகளை இன்றும் அப்படியே அனுப்புவோர் இருக்கிறார்கள். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் உருவான நாடு இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. இதற்குப் பிறகும், பெறுபவர் திரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும் ஒரு கோப்பை அனுப்பிவிட்டு, “என் கட்டுரை ஏன் வரவில்லை?” என்று கேட்பது நியாயமாகாது. மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆனால் மாற்றியபின் கொம்பும் காலும் இடம் பிறழாமல் இருக்கின்றனவா என்று ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். கட்டுரையைப் பிடிஎஃப் கோப்பாக மட்டும் அனுப்புவதும் அதே சங்கடத்தைத் தரும்; அதிலிருந்து படியெடுத்தால் தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் உடைந்துதான் வருகின்றன.

தாங்கள் குறிப்பிடாத இன்னொன்றும் உண்டு. நாளிதழுக்கு எழுதிப் பழகியவர்கள் ‘நேற்று’, ‘கடந்த ஞாயிறு’, ‘இவ்வாண்டு’ என்றே எழுதுகிறார்கள். தாளுக்கு அது போதும், ஏனெனில் மேலேயே தேதி அச்சாகியிருக்கும். இணையத்திலோ ஒருவர் கட்டுரையின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர்கிறார். அது நான்கு ஆண்டுகள் கழித்தும் சுற்றுகிறது. ‘இவ்வாண்டு தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வந்த கூட்டம்’ என்றால் எந்த ஆண்டுக் கூட்டம்? ஆண்டைக் குறிப்பிட நான்கு இலக்கங்கள் போதும். படங்களைப் புலனம் வழியாக அனுப்பினால் அவை சுருங்கிவிடும் என்பதை இப்போது பலரும் அறிவார்கள், எனவே விரிக்கவில்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. துணையாசிரியர்கள் எங்கள் பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தி வெளியிட்டுவிடுவதால், அனுப்பியவர் தம் பிழையை அறியாமல் அடுத்த கட்டுரையிலும் அதையே செய்கிறார். திருத்திய படியை, மாற்றிய இடங்களுக்கு நிறமிட்டு, எழுதியவருக்கே மின்னஞ்சலில் திருப்பி அனுப்ப இயலுமா? எல்லாருக்கும் அனுப்புவது கடினம் என்றால், முதன்முறையாக எழுதுவோருக்கு மட்டுமாவது அனுப்பலாம். அந்த வரிசையில் இந்த ஓய்வுபெற்ற ஆசிரியையையும் சேர்த்துக்கொண்டால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு